தீபாவளிக்குத் தீபாவளி கணக்கு முடித்தால் பணிக்கொடை கிடையாதா?

கேள்வி: திருப்பூரில் ஏறத்தாழ நாற்பது பேர் வேலை செய்யும் ஒரு பனியன் கம்பெனியில் 2018 ஜூன் நடுவில் கட்டிங் மாஸ்டராகச் சேர்ந்து, 2025 பிப்ரவரி கடைசியில் நானே எழுதிக் கொடுத்துவிட்டு விலகினேன். கிராஜுவிட்டி கேட்டால், "வருஷா வருஷம் தீபாவளிக்குக் கணக்கு முடித்து, வவுச்சரில் கையெழுத்து வாங்கித்தானே போனஸ் கொடுத்தோம்? உனக்குத் தொடர்ச்சியான சர்வீஸே இல்லையே" என்கிறார் முதலாளி. அவரிடம் வாங்கிய முன்பணத்தில் 15,000 ரூபாய் பாக்கி நிற்கிறது. என் கல்யாணத்துக்கு வந்து மோதிரம் போட்டவர் அவர். கேட்பது முறையா? கேட்டால் கிடைக்குமா?

பதில்: முறைதான். உங்கள் ஆவணங்கள் நீங்கள் எழுதியிருப்பதை ஒத்திருந்தால், கிடைப்பதற்கான வாய்ப்பும் நன்றாகவே இருக்கிறது. பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி, என்பது முதலாளி மனமுவந்து தரும் அன்பளிப்பு அன்று; பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனத்தில் ஐந்தாண்டு தொடர்ந்து உழைத்தவருக்கு 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் உறுதி செய்த தொகை. தானே விலகியவருக்கும் அது உண்டு. 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அதன் இடத்துக்கு வந்துவிட்டது என்றாலும், நீங்கள் அதற்கு முன்பே விலகியதால் பழைய சட்டத்தின்படியே உங்கள் கணக்கைப் பார்க்க வேண்டும்.

சிக்கலின் முடிச்சு அந்தத் தீபாவளி வவுச்சரில் இருக்கிறது. கொங்குப் பகுதியில் மட்டுமல்லாமல் தமிழகத்தின் பல தொழில் ஊர்களிலும் பண்டிகைக்கு முன் "கணக்கு முடிப்பது" பழகிப்போன வழக்கம். எல்லா முதலாளிகளும் ஏமாற்றும் நோக்கத்தோடு அதைச் செய்வதில்லை, அப்பா காலத்தில் நடந்ததை மகன் தொடர்கிறார், அவ்வளவுதான். ஆனால் வழக்கம் எவ்வளவு பழையதாக இருந்தாலும் அது சட்டத்தை மாற்றிவிடாது. பன்னிரண்டு மாதங்களில் 240 நாள் வேலை செய்திருந்தால் அந்த ஆண்டு தொடர்ச்சியான பணியாகவே கொள்ளப்படும் என்பதால், தீபாவளியை ஒட்டி ஒரு வாரம் கம்பெனி பூட்டியிருந்ததும் அதன்பின் நீங்கள் அதே மேசையில் அதே கத்தரியைப் பிடித்ததும் உங்கள் பணிக்காலத்தைத் துண்டாக்கிவிடாது. 2020இல் கொரோனா முடக்கத்தின்போது கம்பெனி மூடிக் கிடந்த வாரங்களை அவர் எடுத்துக் காட்டக்கூடும். தொழிலாளியின் தவறு இல்லாமல் வேலை நின்றுபோன காலத்தையும் சட்டம் பணித்தொடர்ச்சியில் சேர்த்தே எண்ணுகிறது.

போனஸ் தனிச் சட்டத்தின்கீழ் ஆண்டுதோறும் வருவது. பணிக்கொடையோ வேலையை விட்டு விலகும்போது பிறக்கும் உரிமை. ஆகவே ஒன்றைக் கொடுத்து மற்றதைத் தீர்த்துவிட்டதாகச் சொல்ல முடியாது. "இனி எனக்கு எந்தப் பாக்கியும் இல்லை" என்று நீங்கள் கையெழுத்திட்டிருந்தாலும், சட்டத்துக்கு மாறான ஒப்பந்தத்தை விடச் சட்டமே மேலோங்கி நிற்கும். ஒரே ஓர் எச்சரிக்கை: ஏதாவது ஒரு வவுச்சரில் "கிராஜுவிட்டி வகையில்" என்று தொகையோடு எழுதி, அந்தப் பணம் உண்மையிலேயே உங்கள் கைக்கு வந்திருந்தால், அதைக் கழிக்க வேண்டும் என்று அவர் வாதாடுவார். ஆகவே கையெழுத்திட்ட தாள்களில் என்ன எழுதியிருந்தது என்பதை முதலில் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு மிக வலுவான சாட்சி பிஎஃப் பாஸ்புக். ஒரே உறுப்பினர் எண்ணில் மாதந்தோறும் பங்களிப்பு ஏறியிருந்தால், தீபாவளிதோறும் வேலை முடிந்துபோனது என்ற வாதத்தைக் கம்பெனியே கட்டிய பணம் மறுத்துவிடும். அதைப் பதிவிறக்கி அச்செடுத்து, ஈஎஸ்ஐ அட்டை, சம்பளம் ஏறிய வங்கிக் கணக்கின் விவரம் ஆகியவற்றோடு சேர்த்து வையுங்கள்.

தொகையைக் கணக்கிடுவது எளிது. கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் கூட்டி, 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கினால் ஓராண்டுக்குரிய தொகை வரும். உங்கள் சம்பளத்தை நீங்கள் எழுதவில்லை. அது 15,600 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளுக்கு 600, ஓராண்டுக்கு 9,000. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சத்தை முழு ஆண்டாகக் கொள்ள வேண்டும் என்பதால் உங்களுடைய ஆறாண்டு எட்டு மாதம் ஏழாண்டாகிறது. ஆக 63,000 ரூபாய். பீஸ் ரேட்டில் சம்பளம் வாங்கியிருந்தால், ஓவர்டைம் நீங்கலாகக் கடைசி மூன்று மாதச் சராசரியை எடுக்க வேண்டும்.

முன்பணத்தை மறைக்காதீர்கள். தொழிலாளியின் கெட்ட நோக்கமோ கவனக்குறைவோ நட்டம் விளைவித்து, அதற்காக அவரை வேலையிலிருந்து நீக்கியது போன்ற சில காரணங்களுக்கு மட்டுமே பணிக்கொடையைப் பிடிக்கச் சட்டம் இடம் தருகிறது. கடன்பாக்கி அவற்றில் சேராது. ஆனாலும் கடன் கடன்தான். "15,000 ரூபாயைத் தனியாகத் தீர்த்துக்கொள்கிறேன்" என்று நீங்களே முதலில் சொல்லிவிட்டால் பேச்சு தடம் மாறாது.

மோதிரம் போட்டவரிடம் எடுத்த எடுப்பில் நோட்டீஸ் அனுப்புவதை நான் விரும்பமாட்டேன். கணக்கை ஒரு தாளில் எழுதி, பாஸ்புக் அச்சோடு ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். முடிந்தால் கம்பெனியின் கணக்காளரும் உடனிருக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள், ஏனெனில் பல இடங்களில் முதலாளிக்கு இந்தச் சட்டத்தை விளங்கவைப்பவர் அவர்தான். பயனில்லையென்றால் விதிகளில் உள்ள கோரிக்கைப் படிவத்தை நிரப்பி ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, ரசீதையும் பட்டுவாடாச் சான்றையும் பத்திரப்படுத்துங்கள். விலகிய முப்பது நாளுக்குள் கேட்டிருக்க வேண்டும் என்பது விதி. ஆயினும் காலம் கடந்தது என்பதற்காக மட்டும் கோரிக்கை செல்லாமல் போகாது, தாமதத்துக்கான காரணத்தை இரண்டு வரியில் எழுதினால் போதும். அதற்கும் பதில் வராவிட்டால் தொழிலாளர் துறையில் இதற்கென உள்ள கட்டுப்பாட்டு அதிகாரியிடம் மனுச் செய்யலாம். வக்கீல் இல்லாமலேயே செய்யலாம். தாமதமான காலத்துக்கு ஆண்டுக்கு 10 சதவீதத் தனிவட்டியும் கேளுங்கள். அதிகாரி உத்தரவிட்டும் கொடுக்காவிட்டால், நிலவரிப் பாக்கியைப் போல மாவட்ட ஆட்சியர் வழியாக வசூலிக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது.

நேரில் போகும்போது அவர் ஒரு கட்டு நோட்டை எடுத்து நீட்டி, "இத்தோடு முடித்துக்கொள்வோம்" என்று சொல்லக்கூடும். கணக்குக்குக் குறைவாக இருந்தாலும் பணத்தை வாங்கிக்கொள்ளலாம். ஆனால் கையெழுத்திடும் தாளில் "பணிக்கொடையில் ஒரு பகுதி" என்று உங்கள் கையாலேயே எழுதி, தேதியிட்டு, அங்கேயே செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்ட பிறகு வாங்குங்கள்.