வியட்நாமில் ஆசிரியர் வேலை. ஏற்காட்டில் காபித் தோட்டம் வாங்கலாமா?

கேள்வி: என் வயது 43, சொந்த ஊர் சேலம் அம்மாபேட்டை. ஆங்கில இலக்கியம் படித்த பிறகு ஜவுளி ஏற்றுமதி அலுவலகம், சென்னையில் கால் சென்டர், துபாயில் ஓட்டல் வரவேற்புப் பணி என்று பல வேலைகளைப் பார்த்துவிட்டு, இப்போது ஹோ சி மின் நகரில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். ஒப்பந்தம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறது. அப்பாவுக்கு ஏற்காட்டில் நாகலூர் அருகே ஒன்றரை ஏக்கர் காபித் தோட்டம் உண்டு. பக்கத்துத் தோட்டம் விலைக்கு வருகிறது. சேமிப்பு 22 லட்சம் ரூபாயையும், இந்தியாவில் 9 ஆண்டு 8 மாதம் வேலை செய்த பி.எஃப். பணத்தையும் போட்டு வாங்கலாமா? சித்தப்பா மகன் பெயரில் பதிவு செய்துகொள்ளலாம் என்கிறார்கள்.

பதில்: வாங்க வேண்டாம். அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின்படி, வெளிநாட்டில் வேலை செய்யும் இந்தியர் இங்கே வீடும் மனையும் வாங்கலாமே தவிர, விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு ஆகியவற்றை வாங்க முடியாது. மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் நிழலில் நிற்கும் காபிச் செடிகளைக் காட்டி, 'பண்ணை வீட்டு மனை' என்று தரகர் எவ்வளவு சொன்னாலும் அது தோட்டம்தான். மீறினால் சம்பந்தப்பட்ட தொகையைப் போல் மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கப்படலாம்.

சித்தப்பா மகன் பெயரில் வாங்குவது இதைவிட ஆபத்தானது. உங்கள் பணத்தில் அவர் பெயரில் வாங்கினால் அது பினாமிப் பரிவர்த்தனை ஆகும். சொத்தையும் அரசு பறிமுதல் செய்யலாம், 7 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், நாளை அவருடைய பிள்ளைகள் கேட்கும்போது உங்கள் கையில் காட்டுவதற்கு ஓர் ஆவணமும் இருக்காது.

அப்பாவின் தோட்டத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. நீங்கள் வெளிநாட்டில் இருக்கும்வரை அவர் அதை உங்களுக்குத் தான செட்டில்மெண்டாக எழுதித்தர முடியாது. உயில் வழியாகவோ வாரிசுரிமையாகவோ வந்தால் தடையில்லை. எனவே, ஊரில் பலரும் செய்வதுபோல் செட்டில்மெண்ட் பத்திரத்துக்கு அவசரப்படாமல், இரண்டு சாட்சிகளுடன் உயில் எழுதிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். நீங்கள் நிரந்தரமாகத் திரும்பி இங்கு வசிப்பவராக ஆன பிறகு, பக்கத்துத் தோட்டத்தையும் முறையாக வாங்கலாம்.

இனி பணத்துக்கு வருவோம். பல துறைகளில் வேலை செய்தவருக்கு எந்த ஒரு முதலாளியிடமிருந்தும் முழு ஓய்வூதியம் வருவதில்லை. துண்டு துண்டாக இருப்பதைச் சேர்த்துக்கொள்வதே வழி. பி.எஃப். உடன் இணைந்த ஓய்வூதியத் திட்டத்துக்கு 10 ஆண்டுப் பணி தேவை என்றாலும், கடைசியில் மிஞ்சுவது 6 மாதமோ அதற்கு மேலோ இருந்தால் அதை முழு ஆண்டாகவே கணக்கிடுவார்கள். ஆகவே, ஜவுளி அலுவலகம், கால் சென்டர் ஆகிய இரண்டு பி.எஃப். கணக்குகளிலும் ஓய்வூதியப் பங்கை இதுவரை எடுக்காமலிருந்தால், அவற்றை ஒரே யு.ஏ.என். எண்ணில் (பி.எஃப். உறுப்பினருக்கான பொது எண்) இணைத்தபின் 58 வயதில் ஓய்வூதியம் கோரலாம். தொகை சிறியதுதான், ஆனாலும் ஆயுள் முழுவதும் வரும், உங்களுக்குப் பின் மனைவிக்கும் செல்லும். அதைத் தோட்டத்துக்காக உடைக்காதீர்கள்.

வியட்நாமில் உங்கள் சம்பளத்திலிருந்து சமூகக் காப்பீட்டுக்குப் பிடித்தம் செய்கிறார்கள் என்றால், ஒப்பந்தம் முடிந்து கிளம்பும்போது அதை ஒரே தொகையாகக் கோரலாம். காப்பீட்டுப் புத்தகத்தைப் பத்திரமாக வைத்திருங்கள்.

சேலத்தில் உள்ள பழைய சேமிப்புக் கணக்கை இன்னும் மாற்றவில்லை என்றால் உடனே என்.ஆர்.ஓ. கணக்காக (வெளிநாட்டில் வசிப்பவர் தம் இந்திய வருமானத்தை வைக்கும் கணக்கு) மாற்றுங்கள், சம்பளத்தை என்.ஆர்.இ. கணக்குக்கு (வெளிநாட்டுச் சம்பாத்தியத்தை வைக்கும் கணக்கு) அனுப்புங்கள், அதன் வட்டிக்கு இங்கே வருமான வரி இல்லை. ஆண்டு ஒப்பந்தத்தில் இருப்பவர் என்பதால், 22 லட்சத்தில் ஓராண்டுக் குடும்பச் செலவை எந்நேரமும் எடுக்கக்கூடிய வைப்பில் தனியாக வையுங்கள். ஒரு சிறு பங்கைக் ஆங்கிலம் கற்பிப்பவர்களுக்கான கேம்பிரிட்ஜின் செல்ட்டா சான்றிதழுக்குச் செலவிடுவதையும் நான் ஆதரிப்பேன். மொழிப் பயிற்சி மையங்களில் அதற்கு மதிப்பு உண்டு, அடுத்த ஒப்பந்தத்தில் கூடுதல் சம்பளம் கேட்க அது உதவும். மீதியில் பாதியை என்.ஆர்.இ. வைப்புநிதியிலும், மறுபாதியை மாதத் தவணையாகக் பங்குச் சந்தைக் குறியீட்டைப் பின்பற்றும் நிதியிலும் (இண்டெக்ஸ் ஃபண்ட்) போடலாம். பின்னதை 10 ஆண்டுகளுக்குத் தொடக்கூடாது.