நாடாளுமன்ற உறுப்பினரின் விவாதப் பங்களிப்பை எடைபோடுவது எப்படி? – கேள்வி பதில்

கேள்வி (கல்லூரி மாணவி): எங்கள் தொகுதி உறுப்பினரின் நாடாளுமன்றப் பணியைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: அவையில் பேசப்பட்டவற்றின் எழுத்துப் பதிவான அவைக்குறிப்பிலிருந்து தொடங்குங்கள். 1952 முதலான விவாதங்கள் இரு அவைகளின் இணையதளங்களிலும் கிடைக்கின்றன. ஆனால் அவருடைய உரையை மட்டும் தனியே பிரித்தெடுத்துப் படிக்க வேண்டாம். அவருக்கு முன்பு பேசியவர் எந்த வாதத்தை வைத்தார், இவர் அதற்கு மறுமொழி சொன்னாரா அல்லது வீட்டிலிருந்து எழுதி வந்ததை வாசித்தாரா, இறுதியில் அமைச்சர் பதிலளித்தபோது இவர் எழுப்பிய ஐயத்தை எடுத்துக்கொண்டாரா என்பதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த உரையின் எடை தெரியும். இரண்டு நிமிடக் காணொளித் துண்டை வைத்து ஒருவரைப் புகழவும் கூடாது, இகழவும் கூடாது. இந்த எச்சரிக்கையை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (வங்கி ஊழியர்): எங்கள் உறுப்பினர் நானூறுக்கும் மேற்பட்ட கேள்விகளைக் கேட்டிருக்கிறார், வருகைப் பதிவும் மிக அதிகம். சிறந்த உறுப்பினர் என்று சொல்லலாமா?

பதில்: எண்ணிக்கையை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. மக்களவையில் ஒரு நாளைக்கு, வாய்மொழிப் பதில் கோரும் நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் 20, குறியிடாதவை 230 வரை பட்டியலில் இடம்பெறும். குறியிடாதவற்றுக்கு எழுத்து மூலமான பதில் மட்டுமே வரும். நட்சத்திரக் கேள்விகளிலும் சில மட்டுமே அவையில் வாய்மொழியாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன. அங்கு எழும் துணைக் கேள்வியில்தான் உறுப்பினரின் உழைப்பு வெளிப்படும். “இத்திட்டத்திற்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது?” என்று கேட்பவருக்கு நிதிநிலை அறிக்கையே பதில் சொல்லிவிடும். “ஒதுக்கியதில் எவ்வளவு செலவாகவில்லை, எந்த அனுமதிக்காக நின்றது, அந்த அனுமதியை யார் தர வேண்டும்?” என்று கேட்பவர் அமைச்சரைப் பொறுப்பேற்க வைக்கிறார். எனவே அந்த நானூறில் பத்துக் கேள்விகளையாவது படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியர்): ஆளுங்கட்சி உறுப்பினர் அரசை எதிர்த்துப் பேசவே முடியாது என்கிறார்களே, உண்மையா ஐயா?

பதில்: உண்மையில்லை, ஐயா. இந்திய நாடாளுமன்ற வரலாற்றின் மிகக் கூர்மையான உரைகளுள் ஒன்றை ஆளுங்கட்சி உறுப்பினரே நிகழ்த்தினார். ஆயுள் காப்பீட்டுக் கழகம் 1956-இல் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டே அது தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் நிறுவனங்களில் ஒன்றேகால் கோடி ரூபாய் அளவுக்குப் பங்குகளை வாங்கியது. அது பற்றிக் கேள்வி நேரத்தில் கிடைத்த பதில்கள் நிறைவு தராத நிலையில், 1957 டிசம்பரில் காங்கிரஸ் உறுப்பினரான பெரோஸ் காந்தி, பிரதமரின் மருமகனாகவும் இருந்த நிலையில், அந்தப் பேரத்தை மக்களவையில் விவரங்களோடு அடுக்கிவைத்தார். நீதிபதி எம்.சி. சாக்ளா தலைமையில் பொது விசாரணை நடந்தது. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். அந்த உரையில் ஆவேசத்தைவிட ஆவணமே மிகுதி. கேள்வி நேரத்துப் பதிலில் இருந்த இடைவெளியைப் பிடித்து, அதையே விவாதமாக வளர்த்த முறையை இளம் உறுப்பினர்கள் கற்க வேண்டும்.

அவைக்குள் பேசப்பட்டதை நாளிதழ்கள் வழக்கு அச்சமின்றி வெளியிடுவதற்கு 1956-இல் சட்டப் பாதுகாப்புக் கிடைத்ததும் பெரோஸ் காந்தி கொண்டுவந்த தனிநபர் மசோதாவால்தான் (அமைச்சரல்லாத உறுப்பினர் கொண்டுவரும் மசோதாவே தனிநபர் மசோதா). நெருக்கடி நிலைக் காலத்தில் அச்சட்டம் நீக்கப்பட்டு, 1977-இல் மீண்டும் வந்தது.

கேள்வி (சட்ட மாணவர்): அது கட்சித் தாவல் தடைச் சட்டத்துக்கு முந்தைய காலம் அல்லவா?

பதில்: சரியான கேள்வி. நீங்கள் சொல்லும் சட்டம், அதாவது அரசமைப்புச் சட்டத்தில் 1985-இல் சேர்க்கப்பட்ட பத்தாவது அட்டவணை, கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி வாக்களிப்பதையும் வாக்களிக்காமல் விலகியிருப்பதையும் பற்றிப் பேசுகிறது. மசோதாவின் குறைகளை எடுத்துச்சொல்லிவிட்டுக் கட்சியோடு வாக்களிப்பதற்கு அதன் வாசகம் தடையாக இல்லை. அப்படிப் பேசுகிறவர்கள் குறைந்துபோனது என் வருத்தம்.

கேள்வி (வணிகர்): வருகைப் பதிவில் முதலிடம் யாருக்கு?

பதில்: மேலே வங்கி ஊழியருக்குச் சொன்னதைப் பாருங்கள்.

கேள்வி (வழக்கறிஞர்): தனிநபர் மசோதாக்களைப் பங்களிப்பு என்று கணக்கில் எடுப்பதே வீண். 1970-க்குப் பிறகு அவற்றில் ஒன்றுகூடச் சட்டமாகவில்லை. தி.மு.க.வின் திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதாவுக்கும் அந்தக் கதிதானே?

கேள்வி (சமூகப் பணியாளர்): நண்பர் சொல்வதை ஏற்க முடியவில்லை. அந்த மசோதா இல்லாவிட்டால் அரசு அசைந்திருக்குமா?

பதில்: இருவருக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன், ஏனெனில் இது இன்றைய கேள்விகளில் முதன்மையானது. வழக்கறிஞர் சொன்ன தகவல் சரி, முடிவுதான் தவறு. திருநரை மூன்றாம் பாலினமாக உச்ச நீதிமன்றம் ஏற்றது 2014 ஏப்ரலில். அவர்களின் உரிமைகளுக்கான சிவாவின் மசோதா மாநிலங்களவையில் விவாதத்துக்கு வந்தபோது, அரசே ஒரு மசோதா கொண்டுவரும் என்று சொல்லித் திரும்பப் பெறுமாறு அமைச்சர் கேட்டார். சிவா இணங்காமல் வாக்கெடுப்பை வலியுறுத்தினார். 2015 ஏப்ரல் 24 அன்று குரல் வாக்கெடுப்பில் அது நிறைவேறியது. மாநிலங்களவையில் தனிநபர் மசோதா நிறைவேறியது பல பத்தாண்டுகளுக்குப் பிறகு அப்போதுதான்.

மக்களவையில் அது சட்டமாகாமல் போனது. அரசின் சட்டம் 2019-இல் வந்தது. சிவாவின் மசோதாவில் இருந்த இட ஒதுக்கீடும் தனி நீதிமன்றங்களும் அதில் இடம்பெறவில்லை. ஆனால் அந்த விடுபடல்களை இன்று நாம் சுட்டிக்காட்ட முடிகிறது என்றால், ஓர் அவை ஏற்றுக்கொண்ட வாசகம் ஒப்பிட்டுப் பார்க்கக் கையில் இருப்பதுதான் காரணம்.

கேள்வி (அதே வழக்கறிஞர்): ஒப்பிட்டுப் பார்ப்பதால் யாருக்கு என்ன கிடைத்தது?

பதில்: உடனே கிடைக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காலக்கணக்கை நீட்டிப் பாருங்கள். சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயரிட மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்தவர் வங்காளத்துப் பொதுவுடைமையாளர் பூபேஷ் குப்தா. 1963-இல் அதை ஆதரித்து அண்ணா வாதாடினார், மசோதா தோற்றது. 1967 ஜூலை 18 அன்று, அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, சட்டமன்றம் அதற்கான தீர்மானத்தை நிறைவேற்றியது. 1969 ஜனவரி 14 முதல் பெயர் நடைமுறைக்கு வந்தது. அவையில் தோற்ற வாதமே ஆறாண்டுகளுக்குள் மக்கள் தீர்ப்பின் வலுவோடு திரும்பி வந்தது. தோற்ற உரைகளையெல்லாம் கணக்கிலிருந்து தள்ளிவிட்டால், எதிர்க்கட்சி வரிசையில் அமர்ந்தவர்களின் பணி முழுவதையும் தள்ளிவிட நேரும்.

கேள்வி (இல்லத்தரசி): எங்கள் தெருச் சாலை மூன்று ஆண்டுகளாகப் பழுதாகக் கிடக்கிறது. நாடாளுமன்றத்தில் பேசச் சொல்லலாமா?

பதில்: அது உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பு, அம்மா. வார்டு உறுப்பினரிடம் எழுத்து மூலம் மனுக் கொடுங்கள்.

கேள்வி (இளைஞர்): ஒரு காணொளியில் எங்கள் உறுப்பினர் அமைச்சரை வாயடைக்க வைத்தாரே! அவரே முதலிடம்தானே?

பதில்: அந்தக் காணொளி முடிந்த பிறகு அமைச்சர் என்ன பதில் சொன்னார் என்று படித்தீர்களா? படித்துவிட்டுக் கேளுங்கள். முதலிடம் பற்றிய கேள்விகளுக்கு இனிப் பதில் எழுதப்போவதில்லை.

கேள்வி (பத்திரிகைத் துறை மாணவர்): சிறிய கட்சி உறுப்பினருக்கு மூன்று நிமிடங்கள்தான் கிடைக்கின்றன. அவரை எப்படி மதிப்பிடுவது?

பதில்: நேரம் கட்சி பலத்தின்படி பகிரப்படுவதால் இந்தக் குறை உண்மையானதே. அத்தகையவரின் பணியை, மசோதாக்களை ஆராயும் உறுப்பினர் குழுவான நிலைக்குழுவில் தேடுங்கள். துறைசார் நிலைக்குழுக்கள் 24 உள்ளன. ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேரும் மாநிலங்களவையிலிருந்து 10 பேரும் இருப்பர். கூட்டங்கள் மூடிய அறையில் நடந்தாலும் அறிக்கை பொதுவில் வெளிவரும். பெரும்பான்மைக் கருத்தோடு உடன்படாத உறுப்பினர் தம் மாறுபட்ட கருத்தை எழுத்தில் தரலாம். அது அறிக்கையோடு இணைக்கப்படும். அதில் அவர் எந்தப் பிரிவை எதிர்த்தார், எந்த மாற்று வாசகத்தைத் தந்தார் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு, மசோதா அவைக்கு வந்த நாளின் குறிப்பை எடுத்து, அதே வாசகத்தை அவர் திருத்தமாக முன்மொழிந்தாரா என்று பாருங்கள்.