மெட்ரோ கேள்வி-பதில்: முதல் தடம் போடும் முன்பே நான்காவது தடத்தை யோசியுங்கள்

வளரும் நகரம் ஒன்றுக்குப் புதிதாக மெட்ரோ வலையமைப்பு திட்டமிடுவது குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும், எங்கள் போக்குவரத்துப் பொறியாளர் குழுவின் பதில்களும்.

கேள்வி: நகரத்தின் மக்கள்தொகை எத்தனை லட்சத்தைத் தொட்டால் மெட்ரோ தேவை?

மக்கள்தொகையை மட்டும் வைத்து இதற்கு விடை சொல்ல முடியாது. நெரிசல் மிகுந்த ஒரு மணி நேரத்தில், ஒரு சாலையின் மிக நெருக்கடியான இடத்தை ஒரே திசையில் எத்தனை பேர் கடக்கிறார்கள் என்பதுதான் பார்க்க வேண்டிய எண். மலைக்கும் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் சிறிய நகரத்தில்கூட அது பெரிதாக இருக்கும். நாலாபக்கமும் பரந்து கிடக்கும் பெரிய நகரத்தில் எந்தச் சாலையை எடுத்தாலும் அது சிறிதாகவே இருக்கலாம்.

தனிப்பாதையில் ஓடும், இரண்டு பெட்டியை ஒன்றாக இணைத்த நீளப் பேருந்து ஒன்றில் 160 பேர் போகலாம். முந்திச்செல்ல இடமில்லாத ஒற்றைப் பாதையில் மணிக்கு 60 பேருந்துக்கு மேல் விட்டால் நிறுத்தங்களில் ஒன்றன்பின் ஒன்றாகத் தேங்கி நிற்கும். ஆக, சுமார் 10,000 பேர். நிறுத்தங்களில் முந்திச்செல்லும் பாதை சேர்த்தால் இது பல மடங்காகும். 2000-இல் தொடங்கிய, கொலம்பியத் தலைநகர் பொகோட்டாவின் டிரான்ஸ்மிலேனியோ பேருந்துச் சேவை அப்படித்தான் 35,000-ஐத் தாண்டியது. ஆனால் அதற்கு நிறுத்தம் இருக்கும் இடத்தில் பேருந்துக்கு மட்டுமே நான்கு தடம் வேண்டும். 40 மீட்டர் டிராம் இரண்டை இணைத்து இரண்டு நிமிடத்துக்கு ஒன்றாக விட்டால் 15,000 பேர். ஆறு பெட்டி மெட்ரோவில் 1,500 பேர் ஏறலாம். இரண்டரை நிமிடத்துக்கு ஒரு ரயில் என்றால் மணிக்கு 24 ரயில், 36,000 பேர்.

இருபது ஆண்டு கழித்தும் 12,000-ஐத் தாண்டாது என்று கணக்கு காட்டும் சாலையில் மெட்ரோ போடாதீர்கள். அந்தப் பணத்தில் பல மடங்கு நீளத்துக்கு நல்ல பேருந்துப் பாதை கிடைக்கும். சூரிக் மக்கள் 1973-இல் சுரங்க மெட்ரோவை வாக்கெடுப்பில் நிராகரித்துவிட்டு டிராமுக்கும் புறநகர் ரயிலுக்கும் முன்னுரிமை கொடுத்தார்கள். அந்த நகரத்தின் பொதுப் போக்குவரத்தை இன்றும் உலகம் போய்ப் பார்த்துப் படிக்கிறது.

கேள்வி: முதல் தடம் விமான நிலையத்துக்கா, புதிதாக வளரும் புறநகருக்கா?

இரண்டுக்கும் இல்லை. இன்று எந்தச் சாலையில் பேருந்துப் படிக்கட்டில் ஆட்கள் தொங்குகிறார்களோ அந்தச் சாலைக்கு. விமானப் பயணிகள் நாள் முழுக்கப் பரவி வருவார்கள். அங்கே தினமும் ரயில் ஏறப்போவது பெரும்பாலும் விமான நிலையத்தில் வேலை செய்பவர்கள். வழியில் இருந்தால் விமான நிலையத்தைத் தொட்டுச் செல்லுங்கள், அதற்காகத் தடத்தை வளைக்காதீர்கள்.

இன்னும் காலியாகக் கிடக்கும் புறநகருக்கு இன்று வேண்டியது ரயில் அல்ல, நிலம். உயர்மட்டப் பாதைக்கு சுமார் 20 மீட்டர் அகலப் பட்டையையும், நிலையம் வரும் இடங்களில் 30 மீட்டர் அகலம், 150 மீட்டர் நீளத்தையும் நகர வரைபடத்தில் இப்போதே குறித்து, அதில் கட்டட அனுமதியை நிறுத்துங்கள். வளைவுகளில் 300 மீட்டர் ஆரத்துக்குக் குறையாமல் பட்டை போகட்டும். அதைவிட இறுக்கினால் ரயில் மெதுவாகும், தண்டவாளமும் சக்கரமும் கிறீச்சிட்டுத் தேயும்.

எண்ணிக்கை எடுப்பதில் ஓர் எச்சரிக்கை. கைப்பேசித் தரவு யார் எங்கிருந்து எங்கே போகிறார் என்று காட்டும். எதில் போகிறார், ஏன் போகிறார் என்று சொல்லாது. ஆயிரம் வீட்டுக்குப் பத்து இருபது வீடு என்று நேரில் கேட்பதும், ஆற்றுப் பாலம், ரயில்வே கேட் போன்ற, எல்லோரும் கடந்தாக வேண்டிய குறுகிய இடங்களில் ஆள் நிறுத்தி எண்ணுவதும் இன்னும் தேவைதான்.

கேள்வி: எல்லாத் தடங்களையும் நகர மையத்தில் ஒரே பெரிய நிலையத்தில் சேர்த்துவிட்டால் பயணிகளுக்கு வசதிதானே?

வரைபடத்தில் அழகாகத் தெரியும், ஓடத் தொடங்கியதும் மூச்சுத் திணறும். இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு நன்றி. திருத்தவே முடியாத தவறுகள் அதிகம் நடப்பது இங்கேதான்.

முதலில், தடம் மையத்தில் முடியக் கூடாது; மையத்தை ஊடுருவி மறுபக்கம் போக வேண்டும். மையத்தில் முடிந்தால் ரயிலைத் திருப்ப, நிலம் மிக விலைகூடிய இடத்தில் குறுக்குப்பாதையும் நிறுத்துபாதையும் தோண்ட வேண்டும். எல்லாப் பயணிகளும் ஒரே நிலையத்தில் கொட்டப்படுவார்கள்.

அடுத்து, மூன்று தடம் என்றால் ஒரே புள்ளியில் சந்திக்க வைக்காமல் முக்கோணமாகச் சந்திக்க வையுங்கள். பிராகா நகரத்தைப் பாருங்கள்: ஏ-யும் பி-யும் மூஸ்டெக்கில், ஏ-யும் சி-யும் மூசியத்தில், பி-யும் சி-யும் ஃப்ளோரென்ஸில் சந்திக்கின்றன. எந்தத் தடத்திலிருந்தும் எந்தத் தடத்துக்கும் ஒரே மாற்றத்தில் போய்விடலாம். கூட்டம் மூன்று நிலையங்களுக்குப் பிரிகிறது, மையமும் ஒரு புள்ளியாக இல்லாமல் ஒரு பரப்பாக விரிகிறது.

பிறகு நடை. தடம் மாறுபவர் நடக்கும் நிமிடத்தையும் காத்திருக்கும் நிமிடத்தையும், ரயிலில் உட்கார்ந்திருக்கும் நிமிடத்தைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்காக உணர்கிறார். ‘இணைப்பு நிலையம்’ என்று பெயர் வைத்துவிட்டு 300 மீட்டர் நடைபாதை கொடுத்தால், கூட்டத்தில் அது ஐந்து நிமிடம். பயணிக்குப் பத்து நிமிடம்போல் இருக்கும். பலர் திரும்பவும் பைக்கை எடுத்துவிடுவார்கள். இரண்டு தடங்களும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கடந்து, ஒரு மாடி ஏறினால் அடுத்த நடைமேடை என்று இருக்க வேண்டும். ஒரே நடைமேடையின் இரு பக்கமும் இரண்டு தடங்கள் நின்றால் இன்னும் நல்லது. 1977-இல் பாரிஸின் ஷாத்லே லெ ஆல் நிலையத்தில் ஆர்.இ.ஆர். என்ற புறநகர் ரயிலின் ஏ, பி தடங்களுக்கு அப்படித்தான் செய்தார்கள்.

எஸ்கலேட்டரையும் எண்ணித்தான் போட வேண்டும். ஆள் அகல எஸ்கலேட்டர் ஒன்று நிமிடத்துக்குச் சுமார் 100 பேரை ஏற்றும். ஒரு ரயிலில் 600 பேர் இறங்கி, அடுத்த ரயில் இரண்டு நிமிடத்தில் வருகிறது என்றால் அதற்குள் நடைமேடை காலியாக வேண்டும்: 600-ஐ 200-ஆல் வகுத்தால் மூன்று. பழுதுக்கு ஒன்று சேர்த்து நான்கு. இரண்டுதான் போட்டீர்களானால் நடைமேடையில் நெரிசல் சேர்ந்து, கதவு மூடத் தாமதமாகி, தடம் முழுவதும் இழுபடும்.

எதிர்காலத் தடம் இன்னும் பதினைந்து ஆண்டு கழித்துத்தான் வரும் என்றாலும், அது கடக்கப்போகும் நிலையத்தில் இன்றே செய்ய வேண்டியவை சில உண்டு. பக்கச் சுவரில் பிறகு உடைத்துத் திறக்கும்படி, மேலே உத்திரம் கொடுத்த வாசல் அளவு மெல்லிய பகுதி விடுங்கள். அடியில் சுரங்கம் போகும் இடத்தில் பைல் (நிலத்துக்குள் ஆழமாக இறக்கும் அடித்தளத் தூண்) அடிக்காதீர்கள். அடித்தளப் பலகை அந்த இடைவெளியைத் தாங்கும்படி கம்பி கட்டுங்கள். டிக்கெட் கூடத்தில் ஒரு பக்கத்தைக் கடைக்குக் கொடுக்காமல் வையுங்கள். இந்தச் சின்னச் செலவை மிச்சம் பிடித்தால், ஓடிக்கொண்டிருக்கும் நிலையத்துக்கடியில் இரவு மூன்று நான்கு மணி நேரம் மட்டும் வேலை செய்து ஆண்டுக்கணக்கில் தோண்ட நேரும். மறுபக்கம், நிலையத்தையே முழுதாகக் கட்டிவைப்பதும் வேண்டாம். டொரன்டோவில் 1954-இல் திறந்த முதல் தடத்தின் குவீன் நிலையத்துக்குக் கீழே, வரவிருந்த டிராம் சுரங்கத்துக்காக ஒரு நிலையத்தின் கூட்டையே கட்டினார்கள். அந்த டிராம் சுரங்கம் வரவேயில்லை.

கேள்வி: நிலையங்கள் அரை கிலோமீட்டருக்கு ஒன்று இருந்தால் எல்லோருக்கும் பக்கமாக இருக்காதா?

ஒவ்வொரு நிறுத்தமும் எடுக்கும் நேரத்தைப் பாருங்கள். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் வரும் ரயில், வினாடிக்கு வினாடி ஒரு மீட்டர் வீதம் வேகம் குறைத்தால், நில்லாமல் போவதைவிடச் சுமார் 11 வினாடி இழக்கும். கிளம்பும்போது இன்னொரு 11. கதவு திறந்து நிற்பது 25 முதல் 30. மொத்தம் 50 வினாடி. 20 கி.மீ. தடத்தில் பத்து நிலையம் கூட்டினால் எட்டு நிமிடத்துக்கு மேல் போகிறது, ரயில்களும் கூடுதலாக வாங்க வேண்டும்.

நெரிசலான மையத்தில் 800 மீட்டர் முதல் ஒரு கிலோமீட்டர், வெளியே ஒன்றரை முதல் இரண்டு கிலோமீட்டர் என்பது நல்ல அளவு. அதைவிட முக்கியம் வாசல். பெருஞ்சாலையின் நான்கு மூலைக்கும் வாசல் வைத்தால், நிலையத்தை நகர்த்தாமலேயே எட்டும் தூரம் கூடும்.

கேள்வி: ஒரே தடத்தை இரண்டு மூன்று கிளையாகப் பிரித்தால் செலவு குறையுமே?

மையத்தில் இரண்டு நிமிடத்துக்கு ஒரு ரயில் ஓடினால், இரண்டு கிளையிலும் நான்கு நிமிடத்துக்கு ஒன்று. மூன்று கிளை என்றால் ஆறு. ஒரு கிளையில் நேரும் தாமதம் மற்றக் கிளைக்கும் தொற்றும். 1972-இல் திறந்த மியூனிக் எஸ்-பான் (புறநகர் ரயில்) சுரங்கத்தில் ஏழு தடங்கள் ஒரே ஜோடித் தண்டவாளத்தைப் பகிர்கின்றன. அங்கே ஒரு ரயில் பழுதானால் நகரமே தவிக்கும். இப்போது பக்கத்தில் இரண்டாவது சுரங்கம் தோண்டுகிறார்கள். புறநகரில் ஒரு கிளை, அதற்கு மேல் வேண்டாம்.

கேள்வி: சுரங்கமா, தூண்மேல் ஓடும் உயர்மட்டப் பாதையா?

இடம் இருக்கும் வரை தூண். சுரங்கத்தின் செலவு பொதுவாக அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு, அதில் பெரும்பங்கு நிலையங்களுக்குப் போகும். நிலையம் எவ்வளவு ஆழமோ, எவ்வளவு அகலமோ அவ்வளவு பணம். 1995-க்கும் 1999-க்கும் இடையில் மாட்ரிட் ஏறத்தாழ 56 கி.மீ. தடத்தை மலிவாகவும் வேகமாகவும் கட்டியதற்குக் காரணம், ஆழம் குறைந்த, ஒரே மாதிரியான நிலையங்களும், நிர்வாகத்திலேயே முடிவெடுக்கும் அனுபவசாலிப் பொறியாளர்களும்.

மண் சோதனையில் மட்டும் சிக்கனம் காட்டாதீர்கள். பாறையும் களிமண்ணும் ஒரே குறுக்குவெட்டில் மாறி மாறி வந்தால் துளையிடும் இயந்திரத்தின் வெட்டுப்பற்கள் உடையும், வெட்டும் முகப்பில் மண்ணைத் தாங்கும் அழுத்தம் தவறும், மேலே சாலை உள்வாங்கும். 2009 மார்ச் 3 அன்று கொலோன் நகர ஆவணக் காப்பகம் சரிந்தது. பக்கத்தில் மெட்ரோவுக்காகத் தோண்டிய குழியின் நிலத்தடிச் சுவரில் இருந்த குறை வழியே நீரும் மண்ணும் உள்ளே பாய்ந்ததுதான் காரணம். இருவர் இறந்தார்கள். குழியிலிருந்து இறைக்கும் நீரில் எவ்வளவு மணல் வருகிறது என்று தினமும் அளந்து எழுதி வைப்பது சின்ன வேலை. அதை யாரும் தட்டிக்கழிக்க விடாதீர்கள்.

கேள்வி: ஓட்டுநர் இல்லாத ரயில் வேண்டுமா?

புதிய வலையமைப்பு என்றால் ஆம். கோபன்ஹேகன் 2002-இல் 39 மீட்டர் நீள ரயில்களை ஓட்டுநரின்றி அடிக்கடி விட்டது. ரயில் குட்டையானதால் நிலையமும் குட்டையாகி, தோண்டும் செலவு மிச்சமானது. ஆனால் பிறகு நடைமேடையை நீட்ட முடியாது என்பதை ஏற்றுக்கொண்டுதான் இதைச் செய்ய வேண்டும்.

கேள்வி: பணிமனைக்கு இவ்வளவு நிலம் எதற்கு?

கணக்குப் போடுவோம். 25 கி.மீ. தடம், நிறுத்தங்கள் சேர்த்து ஒரு பக்கம் 45 நிமிடம். இரு முனையிலும் திரும்ப ஐந்தைந்து நிமிடம். ஒரு சுற்று 100 நிமிடம். இரண்டரை நிமிடத்துக்கு ஒரு ரயில் என்றால் 40 ரயில். பழுதுக்கும் பராமரிப்புக்கும் இன்னும் ஐந்து. ஆறு பெட்டி வீதம் 270 பெட்டி. இவை இரவில் நிற்க, கழுவ, சக்கரம் கடைய, அடிப்பக்கம் பார்க்கக் குழி வைக்க 15 முதல் 25 ஹெக்டேர் தேவைப்படும், அதுவும் தட்டையாக. பணிமனை தடத்தின் ஓரத்திலேயே இருக்கட்டும். தள்ளிப்போனால் விடியற்காலையில் ஒவ்வொரு ரயிலும் காலியாக ஓடி வர வேண்டும். தடத்தின் மறுமுனையில் நான்கைந்து ரயில் இரவு நிற்க ஒரு சிறிய நிறுத்துபாதையும் வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அந்தப் பக்கத்து மக்களுக்கு முதல் ரயில் அரைமணி தாமதமாகத்தான் வரும்.