"குளிச்சாச்சு" என்கிறார் மாமியார்!

கேள்வி: என் மாமியாருக்கு 76 வயது, அல்சைமர் என்ற மறதி நோய். குளிக்கக் கூப்பிட்டால் "காலையிலேயே குளிச்சாச்சு" என்கிறார். வற்புறுத்தினால் அடிக்க வருகிறார். பொழுது சாய்ந்தால் "எங்க வீட்டுக்குப் போகணும்" என்று வாசலில் நிற்கிறார். என்ன செய்வது?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: அவர் பொய் சொல்லவில்லை. புதிய நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதியை அல்சைமர் ஆரம்பத்திலேயே பாதிக்கிறது. இன்று குளித்தோமா என்பது அவருக்குள் பதிவதே இல்லை. அதனால் வாதாடாதீர்கள்.

கை ஓங்குவது பெரும்பாலும் பயத்தால்தான். தலையில் திடீரென்று தண்ணீர் விழுவதும், பிறர் முன் புடவை அவிழ்ப்பதும் யாரையும் மிரட்டும். பளபளக்கும் ஈரத் தரை அவர் கண்ணுக்குப் பள்ளமாகக்கூடத் தெரியலாம்.

"குளிக்கிறீங்களா?" என்று கேட்டால் "வேண்டாம்" என்றுதான் வரும். "வெந்நீர் ரெடி, வாங்க அத்தை" என்று கைபிடித்து அழையுங்கள். முன்னதாகவே தரையைத் துடைத்துக் காயவிட்டு, வழுக்காத நாற்காலி போட்டு வையுங்கள். வெந்நீர் பதத்தை உங்கள் முழங்கையில் பாருங்கள். அவருக்குச் சூடு சொல்லத் தெரியாமல் போகலாம். தோளில் துண்டைப் போர்த்திவிட்டுப் பாதத்தில் தொடங்கி மேலே வாருங்கள். "இப்போ முதுகு" என்று சொல்லிவிட்டே தொடுங்கள். அவர் கையில் ஒரு சின்ன மக்கைக் கொடுத்தால் பாதி எதிர்ப்பு அடங்கிவிடும். தலைக்கு ஊற்றுவதைக் கடைசியில், அல்லது வேறொரு நாளில் வைத்துக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல் அவருடைய பழைய வழக்கம் என்றால் அந்த நாளையே பிடித்துக்கொள்ளுங்கள். உள்ளங்காலில் மட்டும் எண்ணெய் கூடாது, வழுக்கும்.

வாரம் இரண்டு மூன்று முறை போதும். மற்ற நாட்களில் அக்குள், மார்பின் அடிப்பகுதி, தொடையிடுக்கு, கால்விரல் இடுக்கு ஆகியவற்றை ஈரத்துணியால் துடைத்து நன்றாக உலர்த்துங்கள். ஈரம் தங்கினால் படை வரும். முரண்டு பிடித்தால் அங்கேயே நிறுத்தி, அரைமணி கழித்துப் பாருங்கள்.

'எங்க வீடு' என்பது பிறந்த வீடாக இருக்கலாம். "இதுதான் உங்க வீடு" என்று திருத்தாமல், "அங்கே திண்ணை பெரிசா அத்தை?" என்று பேச்சுக் கொடுங்கள். பசியா, சிறுநீர் முட்டுகிறதா என்றும் பாருங்கள். இருட்டும் முன்பே எல்லா விளக்குகளையும் போட்டுவிடுங்கள். நிழல்களே பலரை மிரளவைக்கின்றன.

இந்தக் குழப்பம் ஓரிரு நாளில் திடீரென்று கூடினால் நோய் முற்றிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், புதிதாகச் சாப்பிடத் தொடங்கிய சளி மாத்திரை அல்லது அலர்ஜி மாத்திரை என்று சரிசெய்யக்கூடிய காரணம் இருக்கலாம். அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.