தீர்க்கதரிசிகளை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: ஏசாயாவில் தொடங்குகிறேன், ஒவ்வொரு முறையும் பாதியில் நின்றுபோகிறது. பைபிளின் தீர்க்கதரிசன நூல்களைப் புரிந்து படிக்க வழி சொல்லுங்களேன்.

பதில்: ஏசாயா 66 அதிகாரம், எடுத்த எடுப்பில் அது கஷ்டம்தான். ஆகாய் என்ற தீர்க்கதரிசியின் சிறு நூலில் தொடங்குங்கள். இரண்டே அதிகாரம், ஒரே மூச்சில் முடித்துவிடலாம். ஆனால் அதற்கு முன் எஸ்றா 3 முதல் 6 வரை கண்டிப்பாகப் படியுங்கள். பாபிலோனிலிருந்து திரும்பிய ஜனங்கள் எருசலேம் ஆலயத்துக்கு அஸ்திபாரம் போடுகிறார்கள், எதிர்ப்பு கிளம்புகிறது, வேலை நின்றுவிடுகிறது, அப்படியே வருஷங்கள் ஓடிவிடுகின்றன. பெர்சியாவின் தரியு ராஜா ஆண்ட இரண்டாம் வருஷத்தில், அதாவது கி.மு. 520-ல், ஆகாய் வாய் திறக்கிறார்.

தேதிகளைப் பென்சிலால் அடிக்கோடிடுங்கள். யூதக் காலண்டரில் ஆறாம் மாதம் முதல் தேதி பேசுகிறார், அதே மாதம் 24-ல் வேலை தொடங்கிவிடுகிறது! அடுத்த பேச்சு ஏழாம் மாதம் 21. அது கூடாரப் பண்டிகையின் ஏழாம் நாள், அறுவடைக் கொண்டாட்டம். ஆனால் அந்த வருஷம் மழை இல்லை. இருபது மரக்கால் தேறும் என்று நினைத்த அம்பாரத்தில் பத்துதான் இருந்தது என்று அவரே பின்னால் சொல்கிறார். அப்படிப்பட்ட பண்டிகையில் நின்றுகொண்டு, பழைய ஆலயத்தைப் பார்த்தவர்கள் உங்களில் யார் என்று கேட்கிறார். அது இடிந்து அறுபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, ஆக அந்தக் கேள்வி எழுபது தாண்டிய கிழவர்களுக்கு. இது தெரிந்தபின் 'திடன்கொள்' என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்வதைப் படித்துப் பாருங்கள், எனக்கு இன்றைக்கும் நெஞ்சு கனத்துவிடும்.

கேள்வி: சகரியாவில் 9-ஆம் அதிகாரத்திலிருந்து வேறு யாரோ பேசுவதுபோல் இருக்கிறதே?

பதில்: சரியாகப் பிடித்திருக்கிறீர்கள். முதல் எட்டு அதிகாரங்களில் தேதி உண்டு, தரியு உண்டு, யூதாவின் அதிபதி செருபாபேல் உண்டு. ஆகாயின் இரண்டாம் பேச்சுக்கும் மூன்றாம் பேச்சுக்கும் நடுவில், எட்டாம் மாதத்தில் சகரியா தொடங்குகிறார், இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம். 9-லிருந்து தேதியும் இல்லை, அந்தப் பெயர்களும் இல்லை, கிரேக்கர் வருகிறார்கள். ஆய்வாளர்களில் பலர் இதைப் பிற்காலத்தது என்கிறார்கள். கழுதையின்மேல் வரும் ராஜா, முப்பது வெள்ளிக்காசு என்றெல்லாம் வந்ததும், இயேசுவின் கதையில் இவை வருகின்றனவே என்று உடனே சுவிசேஷத்துக்குத் தாவாதீர்கள், முதலில் அந்த அதிகாரத்தை அதன் ஜனங்களோடு முழுசாகப் படியுங்கள். அப்புறம் மல்கியா. அது முடிந்ததும் ஏசாயாவுக்குப் போங்கள், 40-லிருந்து.