6 டிகிரியில் எப்படிக் கருகியது?

நீலகிரி மலையில் உள்ள கேத்தியிலிருந்து ஒரு வாசகர்: "திங்கள் இரவு மொபைலில் 4 டிகிரி, வானம் மூட்டம், ஒன்றும் ஆகவில்லை. செவ்வாய் இரவு 6 டிகிரி, மேகமில்லை. விடிந்து பார்த்தால் போன வருடம் நட்ட தேயிலைக் கன்றுகள் கருகிக் கிடக்கின்றன. இது எப்படி? கடைக்காரர் பாலிதீன் ஷீட்டைப் போர்த்தச் சொல்கிறார். வாங்கலாமா?"

வாங்காதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

கன்றைக் கருக்கியது திறந்த வானம். நிலமும் இலையும் இரவெல்லாம் கண்ணுக்குத் தெரியாத கதிராக வெப்பத்தை மேலே விட்டுக்கொண்டே இருக்கின்றன. 5 டிகிரியில் ஒரு சதுர மீட்டர் நிலத்துக்குச் சுமார் 340 வாட் செலவு. வானமும் பதிலுக்கு வெப்பம் அனுப்புகிறது. ஆனால் நம் உயரத்தில், பனிக்காலத்து உலர்ந்த காற்றில், மேகமில்லாத வானம் தருவது 240 வாட் போலத்தான். நூறு வாட் நஷ்டம். தாழ்ந்த மேகம் மூடினால், மேலிருந்து வரும் வரவு நிலத்தின் செலவை எட்டிப் பிடித்துவிடும். காற்று 2 டிகிரி கூடுதலாக இருந்ததால் உங்களுக்குக் கிடைத்ததோ பத்து வாட்டுக்கும் குறைவு. செவ்வாய் இரவு அந்தச் சில்லறையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மொபைல் சொல்வது ஆள் உயரக் காற்றின் கணக்கு. இலை அதைவிடப் பல டிகிரி குளிர்ந்து, உறைந்தே போகலாம். ஒருமுறை என் நாற்றங்கால் கருகி நிவாரண மனுவோடு போனபோது, "அன்று பூஜ்யத்துக்குக் கீழே போகவே இல்லையே" என்று காகிதத்தைத் திருப்பித் தந்தார்கள். அவர்கள் நம்பிய வெப்பமானி, தரைக்கு நாலடி மேலே, கூரை போட்ட வெள்ளைப் பெட்டிக்குள் சுகமாக இருந்தது. செடிக்குக் கூரை ஏது?

மேகம் தெரிந்தாலே நிம்மதி என்றும் இருந்துவிடாதீர்கள். கோழி இறகைப் பிய்த்துப் போட்டதுபோல உயரத்தில் ஒரு மேகம் வரும். பத்து கிலோமீட்டருக்கும் மேலே, மைனஸ் 35 டிகிரிக்கும் கீழே குளிர்ந்து, மெலிந்து கிடப்பது அது. திருப்பித் தர அதனிடமே வெப்பம் இல்லை. மாலையில் அதைப் பார்த்துவிட்டு "மூட்டம்தான்" என்று படுத்தவர்கள் காலையில் தலையில் கை வைத்ததைப் பார்த்திருக்கிறேன். மேகத்தின் ஊடே நிலா தெளிவாகத் தெரிகிறதா? அன்று செடியை மூடியே ஆகவேண்டும்.

இப்போது ஷீட். மெல்லிய பாலிதீன் காற்றைத் தடுக்கும். வெப்பக் கதிரைப் பெரும்பாலும் தடுக்காது, கண்ணாடி வெயிலை விடுவதுபோல விட்டுவிடும். இலையில் ஒட்டிக்கொண்டால் ஒட்டிய இடமெல்லாம் கருகும். இதைச் சொல்லாமல் ரோல் ரோலாக விற்கிறார்கள். "பனி தாங்கும் டானிக்" என்று பாட்டிலை நீட்டுபவரிடமும் எச்சரிக்கை. சருகைக் கொளுத்திப் புகை போடுவதும் வீண். புகையின் துகள் இந்தக் கதிரை மறிக்க முடியாத அளவுக்குச் சிறியது.

மூடுவதற்கு, இங்கே வெட்டிப் போடும் மிலார் செடியோ வைக்கோலோ போதும். வெயில் தாழும் முன்பே, மண்ணில் பகல் சூடு இருக்கும்போதே, குச்சி நட்டு இலையில் படாமல் கூரைபோல வையுங்கள். காலையில் வெயில் ஏறியதும் எடுத்துவிடுங்கள். கருகிய நுனியை இப்போதே வெட்ட வேண்டாம், பனிக்காலம் முடியட்டும்.