ரதியின் வழக்கு – ஒரு கடிதமும் பதிலும்

மதிப்புக்குரிய சேர்,

இலங்கை மலையகத்தில், ஊவாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கிறேன். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழைக்கு எங்கள் பகுதியிலும் மண் சரிந்தது. என் வகுப்பில் படிக்கும் பத்து வயதுப் பிள்ளை ஒருத்தியின் தாய், குடியிருந்த லயத்தோடு (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு) போய்விட்டார். பதினாறாம் நாள் காரியத்தில் பூசாரி, “எல்லாம் பூர்வஜென்மக் கணக்கு, யாரும் தப்ப ஏலாது” என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார், அவர் நல்ல மனிதர். பிறகு அந்தப் பிள்ளை பாடசாலைக்கு வந்து, “எங்கம்மா என்ன பாவம் பண்ணிச்சு டீச்சர்?” என்று கேட்டாள். எனக்கு வாய் வரவில்லை.

கொழும்பில் வேலை செய்யும் என் தம்பி கூட்டாளிமாரோடு உலருணவுப் பொதிகள் ஏற்றிக்கொண்டு வந்தான். “கடவுள் இருந்தா இதைப் பார்த்துக்கிட்டு இருப்பாரா? பார்த்துக்கிட்டு இருக்கிறவரை ஏன் கும்பிடணும்?” என்கிறான். நான் இன்னும் வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிறேன். வைக்கும்போது பொய் சொல்வதுபோல இருக்கிறது. இத்தனை துன்பத்தையும் பார்த்த பிறகு கடவுளை நம்புவது அறிவீனமா?

– ஒரு வாசகி
(பெயரையும் தோட்டத்தையும் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள டீச்சருக்கு,

முதலில் பிள்ளைக்குப் பதில். “உங்கம்மா ஒரு பாவமும் பண்ணல.” நாளைக்கே சொல்லிவிடுங்கள். தத்துவம் தெளிந்த பிறகு சொல்லலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். பெரியவர்களின் குழப்பம் தீர இரண்டாயிரம் வருஷம் போதவில்லை. அவளுக்கு வயது பத்து.

பூசாரி நல்ல மனிதர் என்று எழுதியிருக்கிறீர்கள், நம்புகிறேன். ஆனால் அவர் சொன்னதற்கு அவருடைய சமயமே இடம் கொடுக்காது. சைவ சித்தாந்தத்தில் வினை சடப்பொருள். யாரிடம் போய்ச் சேர வேண்டும் என்று அதற்குத் தெரியாது, இறைவன்தான் கூட்டுவிக்கிறான். அதுவும் தண்டிக்க அல்ல, மலம் என்னும் அழுக்கு கழன்று உயிர் பக்குவப்பட. இதை நீங்களோ நானோ ஏற்கிறோமா என்பது வேறு விஷயம். ஏற்றாலும் அந்தக் கணக்கு பதியாகிய இறைவனிடம் இருக்கிறது, பசுக்கள் எனப்படும் உயிர்களான நம்மிடம் இல்லை. தோட்டத் துரையின் ஆபீசில் இருக்கும் செக்ரோல், அதாவது ஆட்களின் வேலைப் பதிவேடு மாதிரி. யாருக்கு முழுப்பேர் (முழுநாள் சம்பளம்), யாருக்கு அரைப்பேர் (அரைநாள்) என்று அதைப் புரட்டிப் பார்த்தவர் லயத்தில் யாரும் கிடையாது. புரட்டாத செக்ரோலை வைத்துக்கொண்டு, செத்துப்போன ஒரு பொம்பளையின் பேருக்கு நேரே பாவம் என்று எழுத யாருக்கு உரிமை இருக்கிறது? தன் துன்பத்தைப் பற்றி ஒருவர் “என் வினை” என்று சொன்னால் அது அவர் தேடிக்கொண்ட ஆறுதல். அடுத்தவர் துன்பத்தைப் பார்த்து “அவள் வினை” என்று சொன்னால் அது தீர்ப்பு. “கடவுள் சோதிக்கிறார்” என்று சொல்லும் பாஸ்டர்மாருக்கும் இதே பதில்தான்.

இனி உங்கள் தம்பி. அவர் கேட்டதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஏறக்குறைய 2300 வருஷங்களுக்கு முன்னால் வாழ்ந்த கிரேக்கர் எபிகூரஸின் பேரில் வழங்கும் கேள்வி அது. தீமையைத் தடுக்க கடவுளுக்கு விருப்பம் இருந்தும் முடியவில்லையா? அப்படியென்றால் வல்லவர் இல்லை. முடிந்தும் விருப்பம் இல்லையா? அப்படியென்றால் நல்லவர் இல்லை. இரண்டும் உண்டென்றால் தீமை எப்படி வந்தது? மனிதனுக்குச் சுதந்திரம் கொடுத்தார், அதை அவன் கெடுத்துக்கொண்டான் என்று பதில் சொல்வார்கள். கொலைக்கும் களவுக்கும் அது ஓரளவு பொருந்தும். மழைக்கு என்ன சுதந்திரம்? வள்ளுவரும் கோபத்தில் இந்த எல்லைவரை போனவர்தான்: “இரந்தும் உயிர்வாழ்தல் வேண்டின் பரந்து கெடுக உலகியற்றி யான்.” பிச்சையெடுத்துத்தான் ஒருவன் உயிர் வாழ வேண்டுமென்றால், உலகத்தைப் படைத்தவனும் அலைந்து கெடட்டும். திருக்குறளைப் பாடமாக்கி ஒப்புவிக்கும் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இதன் காரம் தெரியும்?

ஆனால் கேள்வியைக் கடவுளிடம் அனுப்புவதற்கு முன் இடையில் இருக்கும் சில மேசைகளைக் கவனிக்க வேண்டும் என்பது என் கட்சி.

1755 நவம்பர் 1, லிஸ்பன் நகரம். நம் கரையோரத்தை ஒரு காலம் ஆண்ட போர்த்துக்கேயரின் தலைநகர். சகல புனிதர்களின் திருநாள் என்று கோயில்கள் நிறைந்திருந்த காலையில் பூமி அதிர்ந்தது. பின்னால் கடல் ஏறியது, தீயும் பிடித்தது. எல்லாம் நன்மைக்கே என்று போதித்தவர்களைப் பார்த்து பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் சீறி ஒரு கவிதை எழுதினார். அடுத்த வருஷம் தத்துவஞானி ரூசோ அவருக்கு எழுதிய கடிதத்தில் ஒன்றைச் சுட்டிக்காட்டினார். ஆறேழு மாடி வீடுகளை ஆயிரக்கணக்கில் அங்கே நெருக்கிக் கட்டியது இயற்கை அல்ல என்று. ரூசோ கடவுள் பக்கம் பேசியவர், வால்டேர் சீறியவர். எனக்கு வால்டேரின் மனசும் வேண்டும், ரூசோவின் கண்ணும் வேண்டும்.

அந்தக் கண்ணால் நம் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தைப் பாருங்கள். 2014 ஒக்டோபர் 29, காலை நேரம். மலை இறங்கி லயங்களை மூடியது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது அவர்களுடைய லயம் நின்ற இடத்தில் சேறுதான் இருந்தது. அந்த மலை திடீரென்று நினைத்துக்கொண்டு இறங்கவில்லை. அங்கிருந்து சனங்களை எழுப்ப வேண்டும் என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. சரிவில் தண்ணீர் எப்படி வேலை செய்கிறது என்பதும் மர்மம் இல்லை. பாறைக்கு மேல் தளர்ந்து கிடக்கும் மண், நாள்கணக்கில் பெய்த மழையைக் குடித்துக் கனக்கிறது. உள்ளே நீரழுத்தம் ஏற ஏற மண்ணின் பிடி விடுகிறது. கான் (வடிகால்) தூர்ந்து கிடந்தால் அது இன்னும் சீக்கிரம் நடக்கும். தரை வெடிக்கும், ஊற்றுத் தண்ணி கலங்கி வரும், மரங்கள் சாயும். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் மழை தாண்டினால் விழித்திரு, 100 தாண்டினால் தயாராகு, 150 தாண்டினால் வெளியேறு என்று அந்த நிறுவனமே கணக்கு வைத்திருக்கிறது.

வெளியேறு என்றால் எங்கே போவது? அதில்தான் நம் முழுக் கதையும் இருக்கிறது. கண்டிச் சீமையில் கோப்பி போட்ட காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்து மன்னார்க் கரையிறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து வந்த சனம் நாம். வழியில் காய்ச்சலிலும் பேதியிலும் விழுந்தவர்களுக்குக் கல்லறையும் கிடையாது. கோப்பி நோய் கண்டு அழிந்து தேயிலை வந்தது, லயம் மட்டும் மாறவில்லை. 1948இல் ஒரு சட்டம் நம்மை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இந்தியா, இலங்கை இரண்டு நாட்டுப் பிரதமர்களும் உட்கார்ந்து 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே, மிச்சம் 150,000 பேரைப் பற்றிப் பிறகு பார்ப்போம் என்று ஆட்களைப் பங்கு போட்டார்கள். நாடற்றிருந்த மிச்சப் பேருக்கும் குடியுரிமை கொடுக்க 2003 வரை ஆனது. ஐந்து தலைமுறை வாழ்ந்த பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவுக்கு (லய அறைக்கு) உறுதிப் பத்திரம் இல்லாத ஒருத்தி, மலை வெடிப்பதைக் கண்டாலும் எந்த நிலத்துக்குக் குடிபெயர்வாள்? ஆகவே அந்தப் பிள்ளையின் அம்மாவின் சாவில் மழையின் கையெழுத்து ஒன்றுதான். மற்றக் கையெழுத்துகள் மனிதர்களுடையவை. பூர்வஜென்மம் என்று சொல்லும்போது அத்தனை கையெழுத்தும் அழிந்துவிடுகிறது. விதியை எதிர்த்து யாரும் மனுக் கொடுக்க முடியாதே.

சரி, இதையெல்லாம் கழித்தாலும் மிச்சம் ஒன்று இருக்கும். நல்ல வீடு, நல்ல ஆஸ்பத்திரி, நல்ல அரசாங்கம் எல்லாம் இருக்கும் ஊரிலும் நாலு வயதுப் பிள்ளைக்கு இரத்தப் புற்றுநோய் வருகிறது. அதற்கு மனிதர் யாரையும் பிடிக்க முடியாது. துன்பம் நம்மைப் பக்குவப்படுத்துகிறது என்பார்கள். பக்குவப்பட்டவர்களை நானும் கண்டிருக்கிறேன், உடைந்துபோனவர்களை அதைவிடக் கூடுதலாகக் கண்டிருக்கிறேன். சாகிற பிள்ளை என்னத்துக்குப் பக்குவப்பட வேண்டும்? இந்த மிச்சத்துக்கு நான் படித்த எந்த விளக்கமும் எனக்குப் போதவில்லை. கடவுளை ஒரு விளக்கமாக, எல்லாவற்றுக்கும் காரணம் சொல்லும் ஆளாக வைத்திருந்தால், உங்கள் தம்பி சொல்வதுதான் சரி. அந்தக் கடவுள் இந்த இடத்தில் விழுந்துவிடுவார்.

ஆனால் நம் சனங்கள் கடவுளை அப்படித்தான் வைத்திருந்தார்களா? மலையில் ஏறிப் பாருங்கள். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் (கிளை கழிக்கும்) மலையில் கவ்வாத்துச்சாமி. தேயிலை ஆலையில் ரோதமுனி, பெரிய சக்கரங்களுக்குப் பக்கத்தில் வேலை செய்கிறவர்களுக்குக் காவல். கத்தி காலில் விழக்கூடாது, பெல்ட் கையை இழுக்கக்கூடாது என்ற பயத்துக்கு நேரே சாமி வைத்திருக்கிறார்கள். உலகத்தை ஏன் இப்படிப் படைத்தாய் என்று ரோதமுனியிடம் யாரும் கேட்பதில்லை. அவர் படைக்கவும் இல்லை. நம்மைப்போல ஷிப்டுக்கு வந்து நிற்கிறவர்.

பெரிய சாமியிடம் வரும்போது கதை மாறும். மாசி மாதம் காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றுகிறார்கள் அல்லவா? சிவனின் தவத்தைக் கலைக்கத் தேவர்கள் காதல் தெய்வமான காமனை அனுப்புகிறார்கள். அவன் பாணம் விடுகிறான், நெற்றிக்கண் திறக்கிறது, அவன் சாம்பல். அனுப்பியவர்கள் பத்திரமாக இருக்க, அனுப்பப்பட்டவன் எரிந்தான். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் நின்று பழகிய சனத்துக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. பிறகு அவன் மனைவி, தாலியறுந்த ரதி வருகிறாள். அழுகை பாதி, வழக்கு பாதி. ஏவினவனை விட்டுவிட்டு ஏவலாளியை எரிப்பது என்ன நியாயம் என்பதுதான் அவள் வழக்கு. தப்படிக்கும் சத்தத்துக்கு நடுவில் சிவன் வேஷக்காரர் வாய் பேசாமல் நிற்பார், பார்க்கும் பொம்பளைகள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். கடைசியில் காமன் எழுப்பப்படுகிறான், ஆனால் ரதியின் கண்ணுக்கு மட்டும்தான் தெரிவான். முழு நீதி இல்லை, பாதிதான். அந்தப் பாதியும் அவள் வாயாடியதால் கிடைத்தது.

தேவாரம் பாடிய சுந்தரரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கண் பறிபோனது தன் சத்தியத்தை மீறியதால் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் சண்டை பிடித்தார். திருவெண்பாக்கத்தில் கண் கேட்டார், ஊன்றுகோல் கிடைத்தது. காஞ்சியில் ஒரு கண் வந்தது. மற்றக் கண்ணுக்குத் திருவாரூரில் நின்று பாடியதுதான், அடியார் தங்கள் அல்லலைச் சொன்னால் சும்மா இருப்பீர், “வாழ்ந்து போதீரே” என்ற பதிகம். நல்லா இருங்க சாமி என்று நாம் வயிறெரிந்து சொல்வோமே, அதே தொனி. அதைத் தேவாரத்தில் சேர்த்து, கோயிலுக்குள்ளேயே பாட வைத்திருக்கிறார்கள்.

ஆகவே, நம்புவது அறிவீனமா என்று நீங்கள் கேட்டதற்கு என் பதில் இது. துன்பம் நம்பிக்கைக்குச் சவால்தான், சின்னச் சவாலும் இல்லை. அந்தச் சவாலை மழுப்புகிற நம்பிக்கை எனக்கு வேண்டாம். அதைச் சாமியின் முகத்துக்கு நேரே கேட்கிற நம்பிக்கையை அறிவீனம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. விளக்கு வைக்கும்போது பொய் சொல்வதுபோல இருந்தால், அன்றைக்கு நன்றி சொல்லாதீர்கள். திட்டுங்கள். வைக்கவே மனசு வராத வெள்ளிக்கிழமை வைக்காமல் விடுங்கள். தம்பியோடு வாதாடி அவரைக் கோயிலுக்கு இழுக்கவும் வேண்டாம். சரிந்த பாதையில் பொதி சுமந்து வந்தவரிடம் நமக்கு என்ன வழக்கு இருக்கிறது?

பூசாரியிடம் மட்டும் தனியாக ஒரு வார்த்தை பேசுங்கள். சபையில் வேண்டாம், அவருக்குச் சங்கடமாக இருக்கும். அந்தப் பிள்ளை கேட்டதை அப்படியே சொல்லுங்கள், போதும்.

இந்த மாசிக்கு உங்கள் தோட்டத்தில் காமன் ஊன்றுகிறார்களா? ஊன்றினால் ரதி வேஷம் கட்டுகிறவர் என்ன பாடுகிறார் என்று கேட்டு எழுத முடியுமா? தோட்டத்துக்குத் தோட்டம் பாட்டு மாறும். உங்கள் பக்கத்து ரதி சிவனிடம் என்ன கேட்கிறாள் என்று தெரிந்துகொள்ள ஆசை.

அன்புடன்.